அடுப்பும் அடுக்கும்

பொங்கல் விடுமுறையில் பானையும் பொங்க வேண்டும். படிக்காமல் சேர்ந்த புத்தக அடுக்கும் குறைய வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் நடக்குமா?

போகிக்கு முந்தின வாரம் மங்கலம்பேட்டையில் வீட்டுக்கு வீடு பரண் இறங்கும். ஒட்டடை அடிக்கவும், சுண்ணாம்பு பூசவும், பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்கவும் சாமான்கள் எல்லாம் நடைக்கு வந்துவிடும். அவற்றோடு அந்த அடுக்கும் வரும். போன வருஷத்துத் தீபாவளி மலர், உறை பிரிக்காத நாவல், பாதியில் பக்கம் மடித்து வைத்த சிறுகதைத் தொகுப்பு, அப்புறம் பார்க்கலாம் என்று சேர்த்து வைத்த வார இதழ்கள். "இதெல்லாம் போகியில போட்டுடலாமா, பேப்பர்காரருக்குப் போட்டுடலாமா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும். "ரெண்டும் வேணாம், லீவுல படிச்சுடறேன்" என்று திண்ணையிலிருந்து பதில் போகும்.

போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், கரிநாள் என்று நாலு நாள் கழியும். பானை காலியாகும், அடுக்கு வைத்த இடத்திலேயே இருக்கும். கேட்டால் சோம்பல் என்போம், செல்போன் என்போம். செல்போனுக்கு அதில் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பெரிய காரணம் சமையலறையில் இருக்கிறது. அடுப்பைப் பங்கு போட்டுக்கொள்ளாத வீட்டில் புத்தகம் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அவரும் பாதியில் தூங்கிப்போவார்.

வாங்குவது ஆனியில், திறப்பது தையில்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை பேரூராட்சி. சென்னைவாசிகள் திருச்சி நெடுஞ்சாலையில் வந்து உளுந்தூர்பேட்டையில் இறங்கி பஸ் மாறுவார்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு விருத்தாசலம் ஜங்ஷன். பொங்கலை ஒட்டி இந்த இரண்டு வழியாகவும் வந்து இறங்கும் பைகளில் துணிமணிக்கு அடியில் புத்தகமும் இருக்கும். சென்னைப் புத்தகக் காட்சி நடப்பது அந்த நேரத்தில்தானே. 1977இல் மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் 22 அரங்குகளோடு தொடங்கியது அது. இன்று ஒரே நாளில் முழுதாகச் சுற்றிவர முடியாத அளவுக்கு வளர்ந்து நிற்கிறது.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு நெய்வேலி இருக்கிறது. என்.எல்.சி. நிறுவனம் 1998இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சி, ஜூலை வாக்கில் இந்த வட்டாரத்தையே அந்த நகரியத்துக்கு இழுத்துவிடும். ஆனிக் கடைசியில் வாங்கிய புத்தகம் ஆடிக் கூழ், ஆவணிக் கல்யாணம், புரட்டாசி விரதம், ஐப்பசி மழை எல்லாவற்றையும் அலமாரியில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் தைக்கு வந்து சேரும். இப்போது மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. வாங்குவதற்குக் குறைவே இல்லை. திறப்பதில்தான் தகராறு.

கடன் வாங்கிப் படிக்கலாம் என்றாலோ, அரசு விடுமுறை நாளில் கிளை நூலகமும் பூட்டிக் கிடக்கும். போகிக்கு முன்பே போய் எடுத்து வைத்துக்கொண்டால்தான் உண்டு. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் நாட்டிலேயே முன்னோடி என்று பெருமைப்படுகிறோம். ஊருக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் நூலகத்துக்கும் ஓய்வு கொடுக்கிற வழக்கத்தைத்தான் மாற்றாமல் வைத்திருக்கிறோம்.

அடுப்பின் கணக்கு

சமைக்கிறவர் கையில் புத்தகம் நிற்குமா என்பது எதைச் சமைக்கிறார் என்பதைப் பொறுத்தது. சில பண்டங்கள் ஆளை விடாது. சில பண்டங்கள் தாமாகவே ஓய்வு கொடுக்கும்.

அதிரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் தீபாவளிக்குக் கேதார கௌரி நோன்பு எடுக்கிற வீடுகளில் எண்ணி வைத்துப் படைப்பது. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டும் பதத்தில் இடித்துச் சலிக்க வேண்டும். ஈரம் காய்ந்துபோனால் மாவு பாகோடு சேராது. வெல்லப் பாகு காய்கிறபோது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். ஒரு சொட்டுப் பாகை அதில் விட்டு விரலால் கூட்டினால் உருண்டு வர வேண்டும். உருண்டையை அமுக்கினால் அமுங்கவும் வேண்டும். அந்தப் பதத்துக்கு முன்னால் இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். தாண்டிவிட்டால் பல்லுக்குச் சவால். அந்த நிமிஷத்தில் யாராவது கையில் நாவல் கொடுத்தால் கரண்டியால் அடி விழும்.

மாவைப் பாகில் கொட்டிக் கிளறி, மேலே நெய் தடவி மூடி வைத்தாயிற்றா, அதன் பிறகு ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், யாரும் அதைத் தொடக் கூடாது. அதுதான் அதிரசம் தரும் விடுமுறை. நிமிஷக் கணக்கில் கண்ணைக் கேட்ட பண்டம், நாள் கணக்கில் நேரத்தைத் திருப்பித் தருகிறது. முறுக்கில் இந்தச் சலுகை கிடையாது. பிழிய ஒருவர், திருப்ப ஒருவர் என்று கடைசி ஈடு வரைக்கும் உட்கார வேண்டியதுதான்.

பொங்கலுக்கு வைக்கிற குழம்பு அதிரசத்தைவிடப் பெரிய தர்மவான். பரங்கி, அவரை, மொச்சை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, கருணை என்று கொல்லையிலும் சந்தையிலும் கிடைக்கிற அத்தனை காயும் ஒரே சட்டியில் விழும். கஷ்டம் எல்லாம் நறுக்குவதிலும் மொச்சை உரிப்பதிலும்தான். ஒரு தடவை வைத்துவிட்டால், மறுநாளும் அதற்கு மறுநாளும் சுடவைத்துச் சுடவைத்து அது சுண்டக் குழம்பாகத் திரளும். சுண்டச் சுண்ட ருசி ஏறும். ஒரு நாள் சமைத்து மூன்று நாள் உண்ணும் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் விடுமுறையின் அருமை தெரிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். நாம்தான் அந்த இடைவெளியில் மாட்டுப் பொங்கலுக்கு வடை பாயசம், கரிநாளுக்குக் கறிக்குழம்பு, வறுவல், மாலையில் விருந்தாளிக்குப் பஜ்ஜி என்று நிரப்பிவிட்டோம்.

விடுமுறை யாருக்கு?

விருத்தாசலம் செராமிக் ஊர். கார்த்திகைக்கு ஏற்றும் அகலிலிருந்து கொலு பொம்மை, ப்யூஸ் கேரியர் வரைக்கும் இங்கே சுட்டு எடுக்கிறார்கள். பொங்கல் வந்தால் பட்டறைகளுக்கு லீவு, சூளைகள் ஆறிவிடும். அங்கே வேலை பார்க்கிற பெண்களின் வீட்டு அடுப்பு மட்டும் அன்றைக்குத்தான் விடியற்காலையிலேயே மூட்டப்படும்.

இதற்கு ஊர்ப் பேச்சு மட்டும் சாட்சி இல்லை. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களுக்கு இது 88 நிமிடம். 2019இல் எடுத்த கணக்கில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குக் குறைந்தது 10 நிமிடம். ஆண்களும் விட்டுக்கொடுக்காமல் தங்கள் பங்கில் 9 நிமிடம் குறைத்துக்கொண்டார்கள்!

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 201 நிமிடம், அதாவது மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். எழுத்துக் கூட்டாமல் நிதானமாகப் படிக்கிற ஒருவர் அந்த நேரத்தில் நூறு பக்கம் தாண்டிவிடலாம். இது பண்டிகையும் சாதாரண நாளும் கலந்த சராசரி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பொங்கலன்று கரண்டி யார் கையில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதை அவரவர் வீட்டில் அவரவரே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் வறுத்துப் போடுகிற முந்திரியிலும் இதே கதைதான். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் கொல்லைகள் தைக்கு மேல் பூத்து, பங்குனி சித்திரையில் கொட்டை தரும். அந்தக் கொட்டையின் தோலில் இருக்கிற எண்ணெய் பட்டால் கை வெந்து பொத்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டோ, எண்ணெய் தடவிக்கொண்டோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து உடைக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெள்ளை வெளேரென்று டப்பாவில் வரும் பருப்பு அந்த விரல்களைக் காட்டுவதில்லை.

அம்பை எழுதிய 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்ற கதை 1988இல் அதே பெயருள்ள தொகுப்பில் வந்தது. ராஜஸ்தான் குடும்பம் ஒன்றின் வீட்டில் நடக்கிற கதை. பெரிய வீடு, ஓரத்தில் ஒதுக்கப்பட்ட சமையலறை, அதற்குள்ளேயே ஆட்சியும் அதிகாரமும் தேடிக்கொண்டு ஆயுளைக் கழிக்கிற பெண்கள். நம் ஊர்க் கூடத்தில் உட்கார்ந்து படித்தாலும் அந்த வீட்டின் வாசல் நமக்குத் தெரிந்த வாசல்தான். விடுமுறையில் முதலில் படிக்க வேண்டியது இது. படிக்க வேண்டியவர் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்.

பீமன் எழுதிய சமையல் புத்தகம்

சமையல் பெண்களுக்கே உரியது என்று எந்தக் காலத்தில் முடிவானதோ தெரியாது, நம் பழைய இலக்கியம் அப்படிச் சொல்லவில்லை. உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. நத்தத்தனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவன் ஊர் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தின் பகுதி. நமக்கு அண்டை மாவட்டம். பசியோடு வரும் பாணர் குடும்பத்துக்கு அவன் வீட்டில் எப்படிப்பட்ட விருந்து கிடைக்கும் என்று சொல்கிறபோது, அர்ச்சுனனின் அண்ணன் பீமன் செய்த மடைநூலில் சொன்ன முறை தவறாமல் சமைத்த உணவு என்கிறார் புலவர். அதோடு விடவில்லை. அரசன் தானே பக்கத்தில் நின்று உண்ணச் செய்வான் என்கிறார். சமையல் நூல் எழுதியவன் ஆண், விருந்துக்குப் பக்கத்தில் நின்று உபசரிக்கிறவன் அரசன். நம் வீட்டு ஆண்கள் பெருமையோடு பின்பற்றத் தக்க முன்மாதிரி இதைவிட வேறு என்ன வேண்டும்?

அச்சுக் காலத்தில் அந்தப் பீமனின் நாற்காலியில் உட்கார்ந்தவர் எஸ்.மீனாட்சி அம்மாள். உறவுக்காரப் பெண்கள் கடிதம் போட்டுச் செய்முறை கேட்கக் கேட்க, எல்லாவற்றையும் நூலாக எழுதிவிடு என்று உறவினரும் வழக்கறிஞருமான கே.வி.கிருஷ்ணசாமி ஐயர் ஊக்கினார். 1951இல் வந்த 'சமைத்துப் பார்', கல்யாணமாகிப் புறப்படுகிற பெண்ணின் பெட்டியில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. கடல் கடந்தும் போயிற்று. சமையல் தெரியாத ஆண்களுக்குத் தனியே ஒரு பதிப்பு தேவைப்படவில்லை. அதே புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாலே போதும்.

தீபாவளி மலர்கள் சமையலையும் கதையையும் ஒரே அட்டைக்குள் கட்டின. முன்பக்கம் சாமி படம், நடுவில் சிறுகதைகள், சினிமா, யாத்திரைக் கட்டுரை, கடைசியில் பலகாரக் குறிப்பு. பெண்கள் இதழ்கள் முப்பது வகை, நாற்பது வகை என்று இணைப்பே கொடுத்துப் பழக்கின. கிழித்தெடுத்த அந்த இணைப்புகள் எண்ணெய்க் கறையோடு அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் இருக்கும். மலரில் இருந்த சிறுகதைகள் தொடப்படாமல் பரணில் இருக்கும். சமைத்தவருக்குச் செய்முறை வரைக்கும்தான் நேரம் இருந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. 1941இல் தொடங்கிய 'கல்கி' 2020இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. மலர்களின் எண்ணிக்கை குறைந்து வருகிற காலத்தில், பரணில் இருக்கிற பழைய மலரைப் போகியில் போடுவது நஷ்டக் கணக்கு. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளை நினைத்து உ.வே.சா. எழுதியதைப் படித்தவர்களுக்குப் பழைய தாளைத் தீயில் போடக் கை வராது.

மண்ணின் அலமாரி

எதிலிருந்து தொடங்குவது என்று திகைப்பவர்களுக்கு ஒரு யோசனை: பக்கத்திலிருந்து தொடங்குங்கள். தென்னார்க்காடு என்று ஒன்றாக இருந்து 1993இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்த இந்த நடுநாட்டில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. அதில் பாதிக்கு மேல் சோற்றைப் பற்றியது.

திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த ஒரு குழந்தைக்கு விருத்தாசலம் என்று பெயர். வளர்ந்து அவர் புதுமைப்பித்தன் ஆனார். அவருடைய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் பூலோகம் வந்த கடவுள் ஓட்டலில் காபி குடிக்கிறார். பானையில் உலை கொதிக்கிற நேரத்துக்குள் படித்துவிடலாம். சிரிப்பு அடங்கத்தான் நேரம் பிடிக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரரான ஜெயகாந்தனின் 'ஒரு பிடி சோறு' தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்ட பகலில் படித்தால் சற்று நேரம் எழுந்திருக்க மனம் வராது.

விருத்தாசலத்தில் வசிக்கிற இமையம் 1994இல் எழுதிய 'கோவேறு கழுதைகள்', ஊர்த்துணி வெளுத்து, வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வருகிற ஆரோக்கியம் என்ற பெண்ணின் வாழ்க்கை. அந்தக் குடும்பத்துக்குப் பண்டிகை என்றால் என்ன அர்த்தம், யார் வீட்டில் என்ன மிஞ்சியது என்பது எப்படி ஒரு வாழ்க்கையை நிர்ணயிக்கிறது என்று காட்டுகிற நாவல். அண்டா நிறையச் சமைக்கிற நாளில்தான் அதைப் படிக்க வேண்டும். 'செல்லாத பணம்' நாவலுக்காக அவருக்குச் சாகித்திய அகாதமி 2020ஆம் ஆண்டின் விருதைக் கொடுத்தது. மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன், விருத்தாசலம் அரசுப் போக்குவரத்துப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவருடைய 'அஞ்சலை' முந்திரிக்காட்டு மனிதர்களின் நாவல். நம் ஆயாக்கள் பேசிய சொற்களைத் தொகுத்து 'நடுநாட்டுச் சொல்லகராதி'யும் போட்டிருக்கிறார். பலாவும் முந்திரியும் பண்ருட்டி மண்ணுமாக வேண்டுமென்றால் தங்கர் பச்சானின் 'ஒன்பது ரூபாய் நோட்டு' இருக்கிறது.

நீளமானதுதான் வேண்டும் என்கிறவர்களுக்குப் 'பொன்னியின் செல்வன்'. 1950 அக்டோபரில் தொடராகத் தொடங்கியது, ஐந்து பாகம். அதன் தொடக்கமே நம் மாவட்டத்து வீராணம் ஏரிக்கரை. ஆடிப்பெருக்கு நாள், சனங்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சியைத் தாண்டித்தான் வந்தியத்தேவன் குதிரை போகிறது. பொங்கல் லீவில் ஐந்து பாகமும் முடியாது. முதல் பாகமான 'புது வெள்ள'த்தை முடித்தால் மிச்சத்தை அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

ஒருவர் படிக்க, நாலு பேர் கேட்க

புத்தகம் என்றால் தனியாக, மௌனமாக, கதவைச் சாத்திக்கொண்டு படிப்பது என்ற வழக்கம் நம்மிடம் அண்மையில் வந்தது. இந்த வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். வில்லிபாரதத்தை ஒருவர் படித்துப் பொருள் சொல்ல, பந்தலில் உட்கார்ந்து ஊர் கேட்கும். எழுத்து வாசம் தெரியாத பாட்டிக்கும் அரவான் களபலி தெரிந்தது இப்படித்தான். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் அல்லி அரசாணி மாலையும் விளக்கடியில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பரவியவை. இஸ்லாமியர் வீடுகளில் சீறாப்புராணம் படித்துக் கேட்கும் வழக்கம் இருந்தது.

மொச்சை உரிக்கிற கைகளுக்குக் கண் தேவையில்லை. காது சும்மாதான் இருக்கிறது. ஒருவர் சிறுகதையை உரக்கப் படித்தால், நாலு பேர் மொச்சை உரித்தபடி கேட்கலாம். படிப்பது அப்பாவாக இருக்கட்டும், அடுத்த கதைக்கு அவர் உரிக்க உட்காரட்டும், அம்மா படிக்கட்டும். விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டுகிற பயிற்சியும் ஆயிற்று. 'ஏன்டா, "ழ" வராதா?' என்று ஆயா திருத்துவதும் சேர்ந்துகொள்ளும்.

சமையலைப் பொதுவாக்குவதும் நமக்குப் புதிதல்ல. இந்துக்களும் இஸ்லாமியரும் கலந்து வாழ்கிற ஊர் மங்கலம்பேட்டை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் அரிசியும் பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் சேர்ந்து கஞ்சி கொதிக்கும். மாலையில் பிள்ளைகள் தூக்கோடு வரிசையில் நிற்பார்கள். ஒரு அண்டா எத்தனையோ அடுப்புகளுக்கு வேலையை மிச்சம் பண்ணுகிறது. வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தருமசாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சாகி வந்ததும் அதே ஆண்டில்தான். ஊர்ச் சோற்றுக்கும் ஊர்ப் படிப்புக்கும் ஒரே வருஷம் பிள்ளையார் சுழி விழுந்த மண் இது.

வீட்டளவில் இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். போகியன்றே யார் எந்த வேளைக்குச் சமையல் என்று பேசி முடிவு செய்துவிடலாம். பொங்கலன்று வைத்த குழம்பை மறுநாளும் மதித்துச் சாப்பிடலாம், 'இன்னிக்கும் இதுதானா?' என்ற கேள்வியைக் கேட்காமல் விழுங்கலாம். கரிநாளில் கறியைக் கழுவி அடுப்பில் ஏற்றுவது ஆண்கள் பொறுப்பு என்று எழுதிவைக்கலாம். பல வீடுகளில் கறி வாங்கி வருவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. பாத்திரம் தேய்ப்பதற்கும் முறை போட வேண்டும். அண்டா தேய்க்காமல் விட்ட விடுமுறை விடுமுறை ஆகாது. கரிநாள் பகல் சாப்பாட்டுக்கும் மாலை டீக்கும் நடுவே இருக்கிற நேரத்தில் வீட்டில் ஒருவரும் அடுப்படிக்குள் போகக் கூடாது என்று ஒரே ஒரு கட்டுப்பாடு. டீயை யாராவது ஒரு பையன் போடட்டும். தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றிலும் கெடிலத்திலும் ஆற்றுத் திருவிழாவுக்குக் கூட்டம் கிளம்புவதற்குள் ஒரு சிறுகதைத் தொகுப்பாவது முடிந்திருக்கும்.

லீவு முடிந்து பஸ் ஏறுகிறபோது, 'நான் இந்தத் தடவை மூணு புக் முடிச்சேன்' என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இருப்பார்கள். சந்தோஷம். ஆனால் அந்த மூன்றோடு கணக்கை மூடக் கூடாது. சமைத்தவர் எத்தனை பக்கம் படித்தார் என்றும் கேட்க வேண்டும். அதற்கு வருகிற பதிலில்தான் அந்த வீட்டுக்குப் பொங்கல் லீவு விட்டதா, அந்த வீட்டில் சிலருக்கு மட்டும் விட்டதா என்பது தெரியும்.